மைதானமும் மனுவும்

நம் சங்கத்தின் செயற்குழுக் கூட்டங்களில் ஆண்டுதோறும் தவறாது எழும் பேச்சு ஒன்றுண்டு. நம் பிள்ளைகள் ஓடியாட நமக்கென்று ஒரு மைதானம் வேண்டும் என்பதே அது. பேச்சு எழும், தேநீர் வரும், பேச்சு அடங்கிவிடும். சென்ற ஆண்டு இளைஞர் சிலர் ஒரு படி மேலே சென்று, பார்ஸிகளுக்கு ஒரு ஜிம்கானா, முஸ்லிம்களுக்கு ஒன்று, இந்துக்களுக்கு ஒன்று, கத்தோலிக்கருக்கு ஒன்று எனக் கடற்கரையோரம் வரிசையாக இருக்க, நூறாண்டுக்கு மேலாக இந்நகரில் வியர்வை சிந்திவரும் தமிழருக்கு மட்டும் ஏன் ஒன்றில்லை என்று வினவினர். நியாயமான வினாவே. அதற்கு விடை தேடப் புகுந்தபோது கிடைத்த வரலாற்றையே இம்மலரில் எழுதத் துணிந்தேன். நான் கல்லூரி வாயிலை மிதித்தவனல்லன். ஆயினும் மனு என்பது யாது, அது மேசைக்கு மேசை எவ்வாறு நகரும், எங்கே உறங்கும், எவர் தட்டினால் விழிக்கும் என்பவற்றை ரயில்வே அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் கண்டு வருபவன். நான் சொல்லப்போகும் வரலாறோ பெரும்பாலும் மனுக்களின் வரலாறே.

சர்ச்கேட்டிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்படும் மின்வண்டியில் மரைன் லைன்ஸ் நிலையம் கடந்ததும் இடப்புறச் சாளரத்தின் வழியே நோக்குவார்க்கு, இருப்புப்பாதைக்கும் கடலுக்கும் நடுவே பச்சைப் பாய் விரித்தாற்போல அடுத்தடுத்துச் சில திடல்கள் தென்படும். நெரிசலில் கம்பியைப் பற்றித் தொங்கிக்கொண்டு போகும் நமக்கு அவற்றைக் கண்ணாரக் காணும் பேறு கிட்டுவது அரிது. அவையே நம் இளைஞர்கள் குறிப்பிட்ட ஜிம்கானாக்கள். பந்து வீடு எனப் பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லொன்று வெள்ளையர் நாவில் திரிந்து ஜிம்கானா ஆயிற்று என்பர். இன்று அத்திடல்களுக்கும் கடலுக்கும் இடையே மரைன் டிரைவ் சாலை செல்கிறது. அச்சாலை அமையாத நாளில் கென்னடி கடல்முகம் என்ற பெயருடன் அவை கடலையே எதிர்நோக்கி இருந்தன.

ஆனால் கதை தொடங்குவது அங்கன்று; சற்றுக் கிழக்கே, கோட்டைக்கு வெளியே பரந்து கிடந்த எஸ்பிளனேடு என்னும் வெட்டவெளியில். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குறுக்கே எதுவும் நிற்கலாகாது என்பதற்காக அந்நிலத்தில் கட்டடம் எழவிடாமல் வெறுமையாக வைத்திருந்தனர் கும்பினியார். பகைவரைச் சுடுவதற்கென ஒழித்துவைத்த வெளியே பிற்காலத்தில் பிள்ளைகள் பந்தாடும் வெளியாயிற்று. சர் பார்ட்டில் பிரியர் கவர்னராக இருந்த 1860-களில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டது. வெளியின் ஓரங்களில் உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் பிறவும் எழுந்தன. எஞ்சிய வெளியே இன்று கூப்பரேஜ், ஓவல், கிராஸ் மைதானம், ஆசாத் மைதானம் எனத் துண்டு துண்டாக வழங்குகிறது.

இந்நாட்டு மக்களுள் முதன்முதல் கிரிக்கெட் ஆடத் தொடங்கியோர் பம்பாய்ப் பார்ஸிகளே. வெள்ளைச் சிப்பாய்கள் எஸ்பிளனேடில் ஆடுவதைச் சுற்றி நின்று பார்த்த சிறுவர்கள், குடையை மட்டையாகவும், கந்தையைத் தோலில் பொதிந்து தைத்ததைப் பந்தாகவும் கொண்டு ஆடினராம். நம் குடியிருப்புச் சந்துகளில் செங்கல்லை விக்கெட்டாக நிறுத்தி ஆடும் பிள்ளைகளுக்கு இச்செய்தி ஆறுதலாகலாம். 1848-இல் ஓரியண்டல் கிரிக்கெட் கிளப் என்னும் முதற்சங்கத்தைப் பார்ஸிகள் நிறுவினர். இந்துக்களும் முஸ்லிம்களும் பின்தொடர்ந்தனர். முப்பது ஆண்டுகளுக்குள் எஸ்பிளனேடு வெளி முழுவதும் ஆட்டக்காரர் கூட்டமாயிற்று.

1875-இல் ஐரோப்பியர் தமக்கென பம்பாய் ஜிம்கானாவை நிறுவினர். வெளியின் தென்பாகத்தில் நல்ல நிலம் அவர்களுக்குக் கிட்டியது. அதில் அவர்கள் கிரிக்கெட் ஆடினர். சுற்றி வேலியும் இட்டுக்கொண்டனர். ஆனால் அவர்களுட் சிலருக்குப் போலோ ஆட்டத்திலும் விருப்பமிருந்தது. குதிரைமீதமர்ந்து நீண்ட கோலால் பந்தடிக்கும் அவ்வாட்டத்தைத் தம் புல்தரையில் நிகழ்த்தினால் புல்தரை பாழாகும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். ஆதலின் சுதேசிகள் கிரிக்கெட் ஆடும் பொதுவெளிக்குக் குதிரைகளைக் கொண்டுசென்றனர்! குளம்படி பட்ட நிலம் எத்தகையதாகும் என்பதை உழவர் மரபில் வந்த நமக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. மழைக்காலச் சேற்றில் பதிந்த குளம்புக்குழி வெயிலில் காய்ந்து கல்லாகிவிடும். அதில் விழும் பந்து எப்பக்கம் துள்ளுமென்று பந்தை எறிந்தவனுக்கே தெரியாது. பல்லுடைந்தாலும் உடையும்.

இங்கேதான் மனு வருகிறது. பார்ஸி ஆட்டக்காரரான சாபூர்ஜி சொராப்ஜி என்பார் இவ்வழக்கில் முன்நின்றார். 1881-இல் நானூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் கையொப்பமிட்ட விண்ணப்பம் கவர்னருக்குச் சென்றது. குதிரையாட்டத்தை வேறிடத்துக்கு மாற்றுங்கள், எங்கள் தரையை எங்களுக்கு விடுங்கள் என்பதே அதன் சாரம். நானூற்றுக்கு மேற்பட்ட கையொப்பங்கள்! தட்டச்சுப்பொறியும் தொலைபேசியும் அலுவலகங்களில் புழங்காத காலம். ஒவ்வொருவரையும் நேரிற் கண்டு, விளக்கிச் சொல்லி, மை தொட்டு எழுதுவித்திருக்க வேண்டும். பத்துப் பேரிடம் சந்தாப் பணம் வாங்கவே நம் பொருளாளர் படும் பாட்டைக் கண்டவர்கள் இதன் அருமையை உணர்வர்.

முதலில் அரசு இரங்கிற்று. போலோ ஆட்டக்காரர்களைக் கூப்பரேஜ் பக்கம் போகச் சொல்லிற்று. சுதேசிகள் மகிழ்ந்தனர். ஆனால் ஜிம்கானா வெள்ளையர் சும்மா இருக்கவில்லை. அவர்களும் எழுதினர். அவர்கள் எழுத்துக்கு அதிகாரிகளின் விருந்து மேசையிலும் இடமுண்டு. ஓராண்டளவில் உத்தரவு திரும்பிற்று, குதிரைகளும் திரும்பின. கொடுத்த உத்தரவை மீட்டுக்கொள்ளும் கலை இக்காலத்தில் தோன்றியதென்று எண்ணியிருந்தேன். அதற்கு இத்துணைப் பழமை உண்டென்று இப்போதே அறிந்தேன். சொராப்ஜி சோர்ந்தாரில்லை. மேன்மேலும் எழுதினார். இறுதியில் 1897-இல் இவ்வழக்கு முழுவதையும் ஆங்கிலத்தில் நூலாக அச்சிட்டார். அந்நூலின் தலைப்பே நம் கவனத்துக்குரியது. முற்பாதி, பார்ஸிகளிடையே கிரிக்கெட் வளர்ந்த வரலாறு என்கிறது. பிற்பாதியோ, ஐரோப்பியப் போலோவுக்கும் சுதேசிக் கிரிக்கெட்டுக்கும் நடந்த போராட்டம் என்கிறது. பெருமை பேசுமிடத்தில் பார்ஸி. உரிமை கேட்குமிடத்தில் சுதேசி! மனு எழுதத் தெரிந்தவர் அவர்.

அரசு தந்த விடை வேறு விதமாக இருந்தது. பொதுவெளியை மீட்டுத் தருவதற்கு மாறாக, கென்னடி கடல்முகத்தில் வேறு நிலம் தருகிறோம் என்றனர். 1885-இல் தோன்றிய பார்ஸி ஜிம்கானா 1887-இல் அங்கே நிலம் பெற்றது. பார்ஸிகளுக்குக் கிடைத்ததைக் கண்டு மற்றையோரும் கேட்டனர். இங்கிலாந்து அணிக்குத் தலைமை தாங்கியவரான ஹாரிஸ் பிரபு 1890 முதல் 1895 வரை கவர்னராக இருந்த காலத்தில், முஸ்லிம்களுக்கு இஸ்லாம் ஜிம்கானாவும், இந்துக்களுக்குப் பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானாவும் உண்டாயின. பின்னதற்குப் பொருளளித்த செல்வர் தம் தந்தையாரின் பெயர் விளங்கவேண்டும் என்று நிபந்தனை இட்டமையால் அந்நீண்ட பெயர் இன்றளவும் நிலைத்துவிட்டது. கத்தோலிக்க ஜிம்கானா 1912-இல் எழுந்தது.

சுதேசிகள் என்ற பெயரில் கேட்டார்கள், மதத்துக்கொன்றாகப் பெற்றார்கள். இதனை அரசின் சூழ்ச்சி என்பாருமுண்டு. எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. அவ்வாறு பிரித்து வாங்குவதில் நம்மவர்க்கும் மனத்தடை இருந்ததாகத் தெரியவில்லையே. தரும் கையை மட்டும் குறை கூறி, நீட்டிய கையை மறத்தல் நேர்மையாகாது.

நிற்க. இனிச் சொல்லவிருப்பது, எந்த ஜிம்கானாவின் விண்ணப்பத்திலும் பெயரில்லாத ஒருவரைப் பற்றி. நம் குழந்தைகள் டெண்டுல்கரை அறிவர், கவாஸ்கரை அறிவர். இவரை அறியார். பால்வாங்கர் பாலூ என்பது அவர் பெயர்.

1876 அளவில் தார்வாரில் பிறந்தவர். தோல் தொழில் செய்யும் சமூகம். தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்ட குலம். தந்தையார் இராணுவத்தில் பணியாற்றியதால் சிறுவன் புனாவில் வளர்ந்தான். அங்கே ஒரு பார்ஸி கிளப்பில் தரையைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலை. மாதம் மூன்று ரூபாய். பின்னர் 1892-இல் ஐரோப்பியர் கிளப்பில் அதே வேலை. ஒரு ரூபாய் கூடுதல். அங்கே ஆட்டக்காரர் பயிற்சி பெறப் பந்து போடவும் ஆள் தேவைப்பட்டது. கிரெய்க் என்னும் புகழ்பெற்ற வெள்ளை ஆட்டக்காரர் மற்றையோர்க்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து பாலூவைப் பந்தெறியச் சொல்லி ஆடுவாராம். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் எட்டணா தருவார் என்றும் சொல்வதுண்டு. எட்டணாக் கதை உண்மையோ அன்றோ, இடக்கையால் சுழற்றியெறியும் அந்தக் கலை ஆயிரமாயிரம் பந்துகளை எறிந்தே அவர் கைவந்தது. ஆனால் மட்டையைத் தொட ஒருநாளும் விடவில்லை. பந்தெறிவது கூலிக்காரன் வேலை. மட்டை பிடிப்பது துரை வேலை.

புனாவிலுள்ள இந்துக்கள் ஐரோப்பியரை வெல்ல ஆசைப்பட்டனர். வெல்லவோ பாலூவின் கை வேண்டும். ஆனால் கையைத் தொடலாகாது. இந்தச் சங்கடத்துக்கு அவர்கள் கண்ட வழி யாதெனில், மைதானத்துக்குள் அவர் எறிந்த பந்தை எல்லோரும் தொடுவது. ஆட்ட இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே நிற்கவைத்து, குடித்ததும் உடைத்தெறியும் மண்குவளையில் தேநீர் ஊற்றுவது. உணவும் தனித் தட்டில், தனி மேசையில். தோலால் தைத்த பந்து தீட்டில்லை. அத்தோலைப் பதனிட்டவன் தீட்டு! தாராவியில் தோல் பதனிடும் கூடங்களை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் சங்கத்தில் பலருண்டு. இவ்வரியைப் படிக்கும்போது அவர்கள் வீட்டில் பாட்டனார் சொன்ன ஏதேனும் ஒரு குவளையின் நினைவு எழாமற் போகாது.

சதாராவில் ஐரோப்பியரோடு ஆடச் சென்றபோது நடந்ததாக ஒரு செய்தி உண்டு. பாலூவின் சுழற்பந்தை மழுங்கச் செய்யவேண்டி அவ்வூர்க் கிளப்பார் ஒரு வாரம் தரையின்மீது உருளையை ஓட்டி இறுக்கினராம். உருளை இழுத்தே வளர்ந்தவரை உருளையால் வெல்லப் பார்த்தனர்! அவர் ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார் என்பர்.

1896-இல் பிளேக் நோய் பரவிய காலத்தையொட்டிப் பாலூ பம்பாய் வந்தார். இராணுவத்தில் சிறிது காலம் இருந்தபின் ரயில்வேயில் வேலைக்கமர்ந்து அதன் அணிக்கும் ஆடினார். எங்கள் துறையினர் பெருமை கொள்ளலாம். ஆனால் அலுவலகச் சுவர்களில் அவர் படம் மாட்டியிருக்க நான் பார்த்ததில்லை. இந்து ஜிம்கானாவில் அவரைச் சேர்க்கச் சிலர் மறுத்தனர். அணித்தலைவர் வற்புறுத்தியதால் சேர்த்தனர். திறமைதான் கதவைத் திறந்தது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். திறமையில்லாத பாலூக்களுக்கு அக்கதவு திறக்கவில்லை என்பதையும் உடன் சொல்லவேண்டும் அன்றோ? அவர் தம்பியர் சிவராம், கண்பத், விட்டல் ஆகியோரும் பின்னர் அவ்வணியில் ஆடினர்.

1906 பிப்ரவரியில் ஐரோப்பியரை இந்துக்கள் வென்ற ஆட்டம் வரலாற்றுப் புகழ் பெற்றது. இந்துக்கள் 242-உம் 160-உம் எடுத்தனர். ஐரோப்பியர் 191-உம் 102-உம் மட்டுமே எடுத்தனர். 109 ஓட்ட வேறுபாட்டில் வெற்றி. இந்தியரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளாத பம்பாய் ஜிம்கானாவின் தரையிலேயே அது நிகழ்ந்தது. பாலூவும் தம்பி சிவராமும் அவ்வணியில் ஆடியவர்கள். அடுத்த ஆண்டு பார்ஸிகள், இந்துக்கள், ஐரோப்பியர் என மும்முனைப் போட்டியும், 1912-இல் முஸ்லிம்கள் சேர நான்முனைப் போட்டியும், 1937-இல் ஐந்தாவதாக ஓர் அணி சேர ஐம்முனைப் போட்டியும் உண்டாயின. 1911-இல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றபோது பாலூ 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. தோள் வலி வேறு. இத்தனைக்குப் பின்னும் இந்து அணிக்குத் தலைமை தாங்கும் பதவி அவருக்கு அளிக்கப்படவில்லை. 1920-இல் அவர் அணியிலிருந்தே விலக்கப்பட்டார். தம்பியர் பொறுக்கவில்லை. நாங்களும் ஆடோம் என்று ஒதுங்கி, தம் வழக்கைப் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினர். இதுவும் ஒரு மனுவே. அவ்வாண்டு பாலூ துணைத்தலைவராகச் சேர்க்கப்பட்டார். 1923-இல் தம்பி விட்டல் தலைவரானார், வென்றார், அவரைத் தோள்மேல் தூக்கிச் சென்றனர். மண்குவளையிலிருந்து தோள் வரை வர அக்குடும்பத்துக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

1932-இல் புனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோர் பட்டியலில் டாக்டர் அம்பேத்கர், நம் நாட்டு இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகியோர் பெயர்களோடு பாலூவின் பெயரையும் காணலாம். 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் சார்பில் நின்று தோற்றார். இருவருள் எவர் பக்கம் நியாயம் என்பது வேறு கட்டுரைக்குரியது. 1955-இல் பம்பாயிலேயே காலமானார்.

நம் சென்னையிலும் இதையொத்த கதை உண்டு. சேப்பாக்கத்தில் வெள்ளையர் கிளப்போடு ஆடச் சென்ற இந்தியர்க்குப் பகலுணவு வேளையில் உள்ளே இடமில்லை. மர நிழலே கதி. அதனைச் சகியாத புச்சிபாபு நாயுடு 1888-இல் மதராஸ் யுனைடெட் கிளப்பைத் தோற்றுவித்தார். அதனை இந்த மதத்தார்க்கு, இந்தச் சாதியார்க்கு என்று அவர் வகுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1934 நவம்பரில் மாகாணங்களுக்கிடையேயான ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது. சென்னை அணி மைசூரை ஒரே நாளில் முடித்து அனுப்பிற்று.

பம்பாயிலோ மத அணிகளின் போட்டி ஓயவில்லை. 1937-இல் புதிய பிராபர்ன் அரங்கில் தமக்கு இருக்கைகள் குறைவாக ஒதுக்கப்பட்டன என்று இந்து ஜிம்கானா போட்டியிலிருந்தே விலகி நின்றது. 1940-இல் காந்தியடிகள் மதப்பெயரால் ஆடுவதைக் கண்டித்தார். ஆயினும் 1946 வரை ஆட்டம் நடக்கவே செய்தது. இதில் என் மனத்துக்கு இசைந்த அணி ஒன்று உண்டென்றால் அது ஐந்தாவது அணிதான். நான்கு வகுப்பிலும் அடங்காத இந்தியக் கிறிஸ்தவர் முதலாயினோரைத் திரட்டி, வேறு பெயரின்றி 'மற்றையோர்' என்றே வழங்கினர். 1943 இறுதிப் போட்டியில் இந்துக்கள் 581 ஓட்டங்களைக் குவித்தனர். மற்றையோர் இரண்டாம் முறை ஆடியபோது மொத்தம் எடுத்த 387-இல் விஜய் ஹசாரே ஒருவரே 309 எடுத்தார். அவரும் தம்பி விவேக்கும் சேர்ந்து 300 சேர்த்தனர். அதில் தம்பியின் பங்கு 21! அந்தத் தம்பி மணிக்கணக்கில் கட்டையூன்றி நின்றிராவிடில் அண்ணனின் முச்சதம் ஏது? தோற்ற அணியின் இவ்வாட்டமே இன்றும் பேசப்படுகிறது. பிற்காலத்தில் இதே பிராபர்ன் அரங்கத்தாரோடு இருக்கைச் சீட்டுப் பங்கீட்டில் பிணக்குற்றே பம்பாய்க் கிரிக்கெட் சங்கத்தார் அருகிலேயே வான்கடே அரங்கைக் கட்டினர். 1975 சனவரியில் அங்கு முதல் டெஸ்ட் நடந்தது. இருக்கைச் சண்டை நம் சங்க விழாவில் மட்டும் நடப்பதன்று.

இனி, ஜிம்கானாக் கரையை விட்டு நம் மாதுங்காப் பக்கம் வருவோம். பிளேக்கின் பயனாக 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்டு, நெருக்கமே நோய்க்குக் காரணமெனக் கண்டு, தாதர், மாதுங்காப் பகுதிகளை அகன்ற தெருக்களோடும் தோட்டங்களோடும் திட்டமிட்டது. ஐந்து தோட்டம் அதன் விளைவே. இங்கே பிள்ளைகளுக்கு வாய்த்த திடல்கள் பல, மதத்தின் பெயரால் கிடைத்தவையல்ல. நகரத்தார்க்கு நகரம் ஒதுக்கியவை. மாநகராட்சி 1925-இல் திறந்த மாகிம் பார்க், அவந்திகாபாய் கோகலே அம்மையாரின் முயற்சியால் 1927-இல் சிவாஜி பார்க் எனப் பெயர் பெற்றது. அதற்குச் சுற்றுச்சுவரென்று உயர்ந்த மதிலில்லை. அமர்வதற்கேற்ற குட்டைச் சுவரே உண்டு. அங்கே ரமாகாந்த் ஆச்ரேகர் பயிற்றுவித்த சிறுவர்களுள் இருவர், 1988 பிப்ரவரியில் ஆசாத் மைதானத்துப் பள்ளி ஆட்டமொன்றில் ஆட்டமிழக்காமல் 664 ஓட்டங்கள் சேர்த்தனர்; டெண்டுல்கர் 326, காம்ப்ளி 349. சாபூர்ஜி சொராப்ஜி மனுப்போட்ட பழைய எஸ்பிளனேடு வெளியின் ஒரு துண்டே அந்த ஆசாத் மைதானம் என்பதை மறவாதீர்கள். மாதுங்காவின் தட்கர் மைதானத்தில் தாதர் யூனியன் கிளப் வளர்ந்தது. கவாஸ்கரும் வெங்சர்க்காரும் அதன் பிள்ளைகள். 1948 முதல் மழைக்காலத்தில் நடந்துவரும் காங்கா லீக் ஆட்டங்களுக்கு இத்திடல்களே களம்.

சிவாஜி பார்க்கின் கதையில் நம்மவர் மறக்கவொண்ணாத நாளும் உண்டு. 1966 அக்டோபர் 30 அன்று சிவசேனையின் முதற்பெருங்கூட்டம் அங்கேதான் கூடிற்று. தென்னாட்டார் வேலைகளைப் பறிக்கின்றனர் என்ற முழக்கம் அந்நாளில் நகரெங்கும் ஒலித்தது. தமிழில் உரக்கப் பேசாதே என்று பிள்ளைகளை வீட்டில் அடக்கிய காலம் அது என மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆயினும் அத்திடல் ஒரு வகுப்பாரின் பெயரில் எழுதிக் கொடுக்கப்பட்ட திடலாக இருந்திருந்தால், வாயிற்கதவு மூடப்பட்டிருக்கும். நம் பிள்ளைகளுக்கு மறுபடி உள்ளே நுழைய வழியிருந்திராது. மாநகராட்சித் திடலாதலின், கூட்டம் கலைந்ததும் பந்தும் மட்டையுமாக வந்தவர்க்கே அது திரும்பிற்று.

ஆகவே நம் இளைஞர்களின் வினாவுக்கு என் விடை இது. தமிழர்க்கென ஒரு ஜிம்கானா கேட்கவேண்டுமென்ற ஆவல் எனக்குமிருந்தது. இவ்வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தபின் அது தணிந்துவிட்டது. நாம் தமிழர் மைதானம் கேட்டால் அடுத்த தெருவார் தமக்கொன்று கேட்பர். தாராவி முழுவதுமே இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த பரப்புத்தான். அதில் தமிழர், மராட்டியர், கும்பார்வாடாவின் குஜராத்திக் குயவர், உத்தரப் பிரதேசத்து முஸ்லிம்கள் என இலட்சக்கணக்கானோர் நெருங்கி வாழ்கின்றனர். ஆளுக்கொரு திடல் கேட்க நிலமேது? ஒரு முழம் துணியை நால்வர் இழுத்தால் எவர் மானமும் மூடாது. அன்றியும், நம் பெயரில் ஒரு ஜிம்கானா எழுந்தால் அதன் உருளையை இழுப்பவர் எவர், தேநீர் வேளையில் அவர் எங்கே அமர்வார் என்ற கேள்வியை நமக்குள்ளேயே கேட்டுக்கொள்ள நேரும். நம் ஊரின் இரட்டைக் குவளையை நாம் ரயிலேறும்போது அங்கேயே விட்டுவிட்டு வந்தோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல எத்தனை பேருக்கு இயலும்?

ஆனால் கேட்காமலும் இருக்கலாகாது. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக அளவெடுத்தும் வரைபடம் தீட்டியும் வரும் காலமிது. வரைபடத்தில் ஒரு தடவை கட்டடமென்று கோடு விழுந்துவிட்டால் பின்னர் அதனை அழிப்பது எளிதன்று. தாராவியின் ஓரத்தில் மித்தி ஆற்றங்கரையில் குப்பைமேடாகக் கிடந்த நிலம், மரங்கள் நடப்பட்டு 1994-இல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டதைக் காண்கிறோம். கேட்டுப் பின்தொடர்ந்தால் குப்பைமேடும் காடாகும். நம் காலனிக்குப் பின்புறத் திடலிலோ இன்று மாலை வேளையில் பாதியிடத்தில் வண்டிகள் நிற்கின்றன. மறுபாதியில் ஐந்து ஆட்டங்கள் ஒன்றன்மேலொன்றாக நடக்கின்றன. எந்தப் பந்து எவருடையது என்பதில் நாள்தோறும் பஞ்சாயத்து. பெண்குழந்தைகள் ஆடவே இடமின்றிப் படிக்கட்டில் அமர்ந்து பார்க்கின்றனர். வண்டிகளும் நம்முடையவையே என்பதால் இக்குறையை வெளியார்மீது சுமத்தவும் வழியில்லை.

ஆகவே ஒரு மனு எழுதியிருக்கிறேன். திடலின் நில அளவை எண், நீள அகலம், சுற்றிலுமுள்ள குடியிருப்புகளின் பெயர், பள்ளிகளின் தொலைவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அந்நிலத்தைப் பொது விளையாட்டுத் திடலென வரைபடத்தில் குறிக்கவேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகிய நான்கிலும் படிகள் ஆயத்தமாகின்றன. மராத்திப் படியை எதிர்ச்சாளில் வசிக்கும் நண்பர் ஒருவர் திருத்தித் தந்தார். என் மராத்தியைக் கண்டு அவர் சிரித்தது நியாயமே. மனு சேர்ப்பித்தவுடன் முத்திரையிட்ட பற்றுச்சீட்டு வாங்குவதும், பதிவேட்டு எண்ணைக் குறித்துக்கொள்வதும், முப்பது நாளுக்கொரு தடவை நேரிற்சென்று நினைவூட்டுவதும் என் பொறுப்பு.

ஆண்டு விழா நாளன்று பந்தலின் நுழைவாயிலில், சந்தனப் பேலாவுக்கு அருகே, கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வைக்கப்படும். பெயர், குடியிருப்பு, கையொப்பம் என மூன்று பத்திகள். நம் உறுப்பினர்கள் தாம் இடுவதோடு நில்லாமல், அண்டை வீட்டு மராட்டியக் குடும்பத்தையும், கீழ்த்தளத்து இஸ்லாமிய நண்பரையும், திடலைப் பெருக்கும் அம்மையாரையும் உடன் அழைத்து வரவேண்டுகிறேன். சாபூர்ஜி சொராப்ஜியின் நானூற்றை எட்ட நம் காலனி மட்டும் போதாது. பேனா அங்கேயே நூலில் கட்டியிருக்கும்.